திறைகொண்டு பெயர்தலும் அடிப்பட இருத்தலும்

வென்ற நாட்டில் வென்றவன் படை தங்குதல் தகுமா, மீளுதல் தகுமா என்னும் வினா அரசியல் நூலார்க்கே உரியது என்று இலக்கிய மாணவர் ஒதுங்கிவிடுதல் வழக்கம். 2001-இல் ஆப்கானித்தானத்துள் புகுந்த அமெரிக்கப் படை 2021-இல் வெளியேறியபோது இவ்வினா உலகெங்கும் பேசப்பட்டது. ஆயின் இவ்வினாவை நேர்நின்று கண்டு, அதன் இருபாற் கூறுகளுக்கும் தனித்தனிப் பெயரிட்டு வைத்த இலக்கண மரபு ஒன்று தமிழில் உண்டு. அம்மரபு வழங்கிய காலத்திலேயே தமிழ்ப்படை ஒன்று கடல்கடந்து சென்று 77 ஆண்டுகள் அயல்நாட்டில் தங்கிய வரலாறும் உண்டு. இலக்கணத்தையும் வரலாற்றையும் ஒருங்கு வைத்து, அப்படை தங்கியது தகுமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கணம் கூறுவது

ஐயனாரிதனார் இயற்றிய புறப்பொருள் வெண்பாமாலை கி.பி. 9-ஆம் நூற்றாண்டினது என்பர். அதன் உழிஞைப்படலம் பகைவர் அரணை முற்றுதலும் கோடலும் பற்றியது. அப்படலத்தின் இறுதிப்பகுதியில் அடுத்தடுத்து வரும் துறைகள் இரண்டு ஈண்டு நோக்கத்தக்கன. ஒன்று திறைகொண்டு பெயர்தல். மற்றொன்று அடிப்பட இருத்தல். முன்னையது, பகையரசன் பணிந்து அளித்த திறையை ஏற்று வேந்தன் தன் நாட்டிற்கு மீளுதல். பின்னையது, பணியாத பகைவர் பணியுமாறு அவர் நாட்டிலேயே பாசறைக்கண் நெடிது தங்குதல். மீளுதலும் தங்குதலும் ஆகிய இரண்டையும் ஆசிரியர் அறிந்திருந்தார். இரண்டும் பாடுதற்குரிய பொருள் என்றே கொண்டார்.

ஆயினும் இவ்விரண்டும் ஒரு தன்மையன அல்ல. பெயர்தல் முடிந்த செயல். இருத்தல் ஒன்றை எதிர்நோக்கிய செயல். பகைவர் அடிப்படுதலே அதன் எல்லை. அடிப்பட்டபின் இருத்தற்குக் காரணம் இல்லை. இருப்பவன் தங்குமிடம் பாசறையே. கோட்டையோ, புதுநகரோ அன்று. பாசறை என்னும் சொல்லிலேயே ஒருநாள் அது பிரிக்கப்படும் என்னும் குறிப்பு உளது.

தொல்காப்பியப் புறத்திணையியலில் அடிப்பட இருத்தல் என்னும் பெயரால் ஒரு துறை இல்லை. மண்நசையால் மேற்செல்லும் வஞ்சியின் துறைகளிலும், அரண்கொள்ளும் உழிஞையின் துறைகளிலும் படையெழுச்சி உண்டு, எரியூட்டல் உண்டு, பெருஞ்சோறு உண்டு, வெற்றியின்பின் மண்ணுமங்கலம் உண்டு, வென்ற நாட்டில் நெடிது உறைதல் இல்லை. இவ்வேறுபாடு கால வேறுபாட்டால் வந்தது என்று துணிய இஃது ஒன்றே போதாது. அரசுகள் விரிந்து, ஒருவன் நாட்டில் மற்றொருவன் படை உறைதல் வழக்கமாகத் தொடங்கிய பின்னரே அதற்கு ஒரு துறைப்பெயர் தேவைப்பட்டிருக்கலாம் என்று கருதுதல் மட்டும் பொருந்தும்.

வஞ்சியை முல்லைக்குப் புறனாகத் தொல்காப்பியர் வகுத்ததும் ஈண்டு எண்ணத்தக்கது. அதற்குரிய இயைபுகளை உரையாசிரியர் பலபடக் காட்டுவர். நிலம், பொழுது, நீரும் நிழலும் ஆகியன அவை. என் கருத்தில் தலையாய இயைபு காத்திருத்தலே. பாசறையில் ஒருவன் இருக்கிறான். இல்லில் ஒருத்தி இருக்கிறாள். முல்லைப்பாட்டின் தலைவன் புண்பட்ட யானைகளையும் மறவரையும் நினைந்து உறங்காது இருக்கிறான். பாட்டு அவன் தேர் மீண்டுவரும் ஒலியில் முடிகிறது. மீளாத தலைவனுக்கு முல்லையில் இடமில்லை. முல்லைக்குப் புறனாகிய வஞ்சியிலும் மீளாத படைக்கு இடம் அரிது எனல் மிகையாகாது.

சிலப்பதிகாரத்து வஞ்சிக்காண்டமும் இக்கருத்திற்கு அரண் செய்வது. செங்குட்டுவன் வடநாடு சென்று குயிலாலுவத்தில் கனகவிசயரை வென்றான், கங்கைக்கரையில் தங்கினான், வஞ்சி நீங்கி 32 திங்கள் ஆயின என்பது தெரிந்து மீண்டான். வடநாட்டில் அவன் ஒரு படைப்பிரிவையும் நிறுத்தியதாக இளங்கோவடிகள் கூறவில்லை. மீண்டபின் நிகழ்ந்தது அதனினும் சுவையுடையது. தவவேடங்கொண்டு தப்பியோடிய அரசரைச் சிறைப்பிடித்தது வீரமன்று எனச் சோழனும் பாண்டியனும் இகழ்ந்தனர், செங்குட்டுவன் சினந்தான், மாடலன் அச்சினத்தைத் தணித்து அறத்தின்பால் திருப்பினான். வென்றவனைத் தமிழ்வேந்தரே குறைகூறும் இடத்தைக் காப்பியத்துள் வைத்த புலவரின் துணிவை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை.

இவ்விலக்கணத்தை அறநூலாகக் கொள்ளுதல் பிழை. பகைவர் அரணைக் கழுதை ஏர் பூட்டி உழுதலையும் பாடுபொருளாக்கிய மரபு இது. மென்மையே உருவானது என்று கூறினால் நூல் படித்தோர் நகுவர். புலவர் எதனைப் பாடத்தக்கது என்று கருதினர், எதனைப் பாடாது விட்டனர் என்பதையே இலக்கணம் காட்டும்.

படை புகுந்தமை

முதற் பராந்தகன் காலத்திலேயே (907–955) சோழப்படை ஈழம் சென்றது. பாண்டியன் ஈழவேந்தனிடம் அடைக்கலமாக வைத்துச் சென்ற முடியையும் பிற அரச சின்னங்களையும் மீட்பதே அதன் நோக்கம். ஈழவேந்தன் அவற்றுடன் தென்கிழக்கிலுள்ள உரோகண நாட்டிற்கு ஒதுங்கினான். சோழப்படை அந்நாட்டுட் புக இயலாது மீண்டது என்று சூளவமிசம் கூறும். திறையும் பெறாமல், அடிப்படுத்தவும் இயலாமல் பெயர்ந்த படை அது. பின்னர் இரண்டாம் பராந்தகன் காலத்தும் ஒரு படை சென்றது. கொடும்பாளூர்ச் சிறியவேளான் ஈழத்துப்பட்டமை கல்வெட்டால் அறியப்படும்.

985-இல் முடிசூடிய முதல் இராசராசன் காலத்தில் நிலைமை மாறிற்று. ஈழத்தை ஆண்ட ஐந்தாம் மகிந்தன் தன் படைக்கு ஊதியம் கொடுக்கவியலாது தவித்தான். குடிகள் இறை செலுத்தவில்லை. கூலிப்படையாக வந்திருந்த கேரளர் அரண்மனையை வளைத்தனர். மன்னன் சுருங்கை வழியே தப்பி உரோகணம் அடைந்தான். எஞ்சிய நாட்டில் கேரளரும் சிங்களரும் கன்னடரும் தத்தம் விருப்பப்படி நடந்துகொண்டனர். இச்செய்தியைக் குதிரை வணிகன் ஒருவன் சோழனுக்கு உரைத்தான் என்பதும் சூளவமிசக் கூற்றே. ஏறத்தாழ 993-இல் சோழப்படை கடல் கடந்தது. இராமன் குரங்குகளைக் கொண்டு அணைகட்டிச் சென்றானாக, இராசராசன் படை கலங்களிலேயே கடந்தது என்று திருவாலங்காட்டுச் செப்பேடு அதனைப் புகழும். பழந்தலைநகராகிய அநுராதபுரம் அழிவுற்றது.

சோழர் புகுந்தபோது ஈழத்து வடபகுதியில் ஒழுங்கான ஆட்சி இல்லை என்பதை மறத்தலாகாது. படை தங்கியதற்குச் சார்பாகப் பேசுவோர்க்கு வலிய சான்று இதுவே. அரசற்ற நாட்டில் அரசு நிறுவுதல் குற்றமா என்று அவர் வினவுவர். மற்றொரு காரணமும் உண்டு. பாண்டியரும் ஈழத்தாரும் கூடிச் சோழர்க்கு இடர் விளைத்தல் தலைமுறை தலைமுறையாக நிகழ்ந்தது. மீளுந்தோறும் அக்கூட்டு மீண்டும் தோன்றியது. மாதோட்டமும் திருகோணமலையும் கீழைக்கடல் வாணிகத்திற்கு இன்றியமையாத துறைகள் என்பதும் சோழர் அறியாததன்று. இக்காரணங்கள் படை புகுந்ததை விளக்கும். அது தங்கியதை விளக்குமேனும், தங்கியது தகும் என்று நிறுவ அவை போதா.

தங்கியமை

தங்கிய படை என்ன செய்தது? பொலன்னறுவையைத் தலைநகராக்கிச் சனநாதமங்கலம் என்று பெயரிட்டது. ஈழம் மும்முடிச்சோழ மண்டலம் ஆயிற்று. மாதோட்டம் இராசராசபுரம் ஆயிற்று. ஆங்குச் சோழ அதிகாரி ஒருவர் இராசராசேச்சுரம் எடுத்தார். ஈழத்து ஊர்கள் சில தஞ்சைப் பெருங்கோயிலுக்கு அளிக்கப்பட்டன. அவை ஆண்டுதோறும் நெல்லும் காசும் இலுப்பைப்பாலும் செலுத்த வேண்டும் எனத் தஞ்சைக் கல்வெட்டு விதித்தது. திறை என்பது பணிந்த அரசன் தருவது. ஊரே கோயிலுக்கு இறை இறுப்பதாயின், அந்நாட்டிற்குத் தனி அரசன் இல்லை என்பது பொருள். திறைகொண்டு பெயர்தற்குத் திறை தருவோனையே சோழர் விட்டுவைக்கவில்லை.

பொலன்னறுவையில் இன்றும் நின்று நிலவும் வானவன்மாதேவீச்சுரம் கற்றளி. முதல் இராசேந்திரனின் தாயாகிய வானவன்மாதேவி பெயரால் எழுந்தது. அதனைக் கண்டோர், கல்லின் நேர்த்தியும் விமானத்தின் அளவும் சோழநாட்டுச் சிறு கற்றளி ஒன்றையே பெயர்த்து வைத்தாற்போல் இருத்தலை உணர்வர். திருகோணமலைப் பகுதியிலுள்ள வெல்கம் விகாரை என்னும் பௌத்தப்பள்ளியோ அழிக்கப்படவில்லை. இராசராசப் பெரும்பள்ளி என்னும் பெயர் பெற்றது. அதற்குத் தமிழர் விளக்கும் கால்நடையும் ஈந்தமை ஆண்டுள்ள தமிழ்க் கல்வெட்டுகளால் விளங்கும். சோழர் கண்ட பள்ளியெல்லாம் இடித்தனர் என்பார் கூற்றும், ஒன்றையும் தீண்டிலர் என்பார் கூற்றும் இச்சான்றுகளின் முன் நில்லா.

ஆயினும் பெரும்பான்மை வேறு. திருவுடல் எச்சங்கள் வைத்த அறைகளை உடைத்தனர், பொன்னுருக்களைக் கவர்ந்தனர், இரத்தம் உறிஞ்சும் யக்கர் போல் இலங்கையின் செல்வமனைத்தையும் உறிஞ்சினர் என்று சூளவமிசம் சோழர்மேல் குற்றம் சாட்டும். இந்நூற்பகுதி இரண்டு நூற்றாண்டுகளின்பின் துறவியர் மரபில் தொகுக்கப்பட்டது. அது மிகைபடக் கூறலாம். அக்குற்றச்சாட்டிற்கு நிகழ்ச்சி ஒன்று மறைமுகச் சான்றாக உளது. சோழர் நீங்கியபின் முடிசூடிய விசயபாகு, துறவியர்க்கு முழுத்துறவு அளித்தற்கு வேண்டிய அளவு பிக்குகள் தன் நாட்டில் இன்மையால், பர்மாவிலிருந்து அவரை வருவித்தான். சங்கம் அத்துணைத் தேய்ந்தது ஒருநாட் போரால் அன்று. ஆதரிக்கும் அரசின்றி, நிலக்கொடையின்றி, இரண்டு மூன்று தலைமுறை கழிந்ததால் நேர்ந்தது. படையெடுப்பு செய்யாததைத் தங்குதல் செய்தது.

உரோகணம் அடிப்படாமை

முதல் இராசேந்திரன் 1017-ஐ ஒட்டி ஈழத்தின்மேல் மீண்டும் படை செலுத்தினான். ஈழவேந்தர் முடியும், அவர் தேவியர் முடியும், பாண்டியன் முன் வைத்துச்சென்ற முடியும் ஆரமும் கைப்பட்டன. மகிந்தனே சிறைப்பட்டுச் சோழநாடு கொண்டுவரப்பட்டு, 12 ஆண்டுகள் ஆண்டிருந்து 1029-இல் இறந்தான். வெண்பாமாலையின் அளவைப்படி நோக்கின், பகைவன் அடிப்பட்டான்; இருத்தற்குரிய காரணம் தீர்ந்தது. பெயர்தற்குரிய காலம் அதுவே. சோழப்படை பெயரவில்லை.

அதன் பயன் உரோகணத்தில் விளைந்தது. மகிந்தன் மகன் ஆறாம் காசிபன், விக்கிரமபாகு என்னும் பெயருடன், சோழரை ஓட்டும்வரை முடிசூடேன் என்று உறுதிபூண்டு படை திரட்டினான். அது முடியுமுன் நோயால் இறந்தான். அவனுக்குப்பின் ஒருவர்பின் ஒருவராகத் தலைவர் தோன்றினர். மகாலானகித்தி என்பவன் சோழரிடம் தோற்றுத் தன் கழுத்தைத் தானே அரிந்துகொண்டான். விக்கிரமபாண்டியன் வந்தான், அவனை அடுத்து அயோத்தியினின்று வந்த சகதிபாலன், அவனுக்குப்பின் பராக்கிரமன். ஒருவன் விழ மற்றொருவன் எழுந்தான். அவருள் சிலர் ஈழத்தவரே அல்லர். பாண்டியமரபினரும் வடநாட்டாரும் ஆவர். தங்கிய படையை எதிர்த்தல் என்பது ஒரு குடியின் பகையாக நில்லாமல், யாவர் வரினும் தலைமையேற்கத்தக்க வினையாக ஆண்டு மாறிவிட்டது.

முதல் இராசாதிராசன் மெய்க்கீர்த்தி ஈழத்து மன்னர் நால்வரின் முடிகளைக் கொண்டமையை விரித்துரைக்கும். அவருள் வீரசலாமேகன் கன்னக்குச்சியினின்று வந்தவன் என அது கூறும். சூளவமிசத்துச் சகதிபாலனே இவன் என அறிஞர் கொள்வர். அவனுடைய உடன்பிறந்தாளையும் துணைவியையும் பற்றியதோடு, அவன் தாயின் மூக்கை அரிந்ததையும் அம்மெய்க்கீர்த்தி வெற்றிச் செயலாக எண்ணிப் பாடுகிறது. சகதிபாலன் தேவியும் மகளும் சோழநாட்டிற்குக் கொண்டுசெல்லப்பட்டனர் என்று சூளவமிசமும் கூறும். பகைவர் நூலும் தம்மவர் கல்லும் ஒத்துரைக்கும் இவ்விடத்தில் ஐயத்திற்கு வழியில்லை.

மெய்க்கீர்த்தியை நாம் வரலாற்றுச் சான்றாகவும் செய்யுளாகவும் பயிற்றுகிறோம். அடிகளைப் பிரித்து, நாடுகளை அடையாளங்கண்டு, ஆட்சியாண்டைக் கணித்து முடிக்கிறோம். தாயின் மூக்கு வரும் அடியில் மட்டும் நம் குரல் தாழ்கிறது. விரைந்து அடுத்த முடிக்குச் சென்றுவிடுகிறோம். இது நேர்மையன்று. வஞ்சித்திணையில் கொற்றவள்ளை என்னும் துறை உண்டு. மன்னன் புகழைக் கூறுவதோடு, பகைவர் நாடு அழிந்ததற்கு இரங்குவதையும் அத்துறைக்கு இலக்கணமாக வெண்பாமாலை வைத்தது. வென்றவனைப் பாடும் வாயாலேயே தோற்றவன் நாட்டிற்கு இரங்கலாம், இரங்குதல் புகழுக்கு இழுக்கன்று என்று கருதிய மரபு அது. மெய்க்கீர்த்திப் புலவர் அத்துறையைக் கைவிட்டனர். கைவிட்டதன் காரணம் அவர் மனக்கடுமை அன்று என்பது என் துணிபு. இரங்கத்தக்கது அயலான் நாடு. தங்கிய படைக்கு ஈழம் அயல்நாடாகத் தோன்றவில்லை. அது மும்முடிச்சோழ மண்டலம். தன் மண்டலத்தில் எதிர்ப்பவன் பகைவன் அல்லன், பிழைத்தவன். பிழைத்தவனுக்கு ஒறுத்தலே உண்டு, இரக்கம் இல்லை. தங்குதல் சொல்லின் பொருளையே இவ்வாறு திரித்துவிடுகிறது.

கித்தி என்னும் இளைஞன், பின்னர் விசயபாகு எனப்பட்டவன், 1055-இல் உரோகணத்தில் தலைமை ஏற்றான். ஒருமுறை பொலன்னறுவையைக் கைப்பற்றிச் சோழரின் புதுப்படைக்கு ஆற்றாது இழந்தான். வீரராசேந்திரன் கடல்வழியே படை விடுத்துத் தன் ஆட்சியை நிலைநிறுத்தினான். 1070-இல் அதிராசேந்திரன் இறந்து, சோழ அரியணை கீழைச்சளுக்கிய மரபினனாகிய முதற் குலோத்துங்கனிடம் சென்ற குழப்பத்தில், விசயபாகு இருமுனையாகத் தாக்கி அநுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் கொண்டான். வானவன்மாதேவீச்சுரத்தில் உள்ள அதிராசேந்திரன் கல்வெட்டு சோழர் ஆட்சியின் கடைசி ஆண்டுகளுக்கு உரியது.

பெயர்ந்த படைகள்

சோழர்க்கு மீளத் தெரியாது என்பதன்று. இதே இராசேந்திரன் 1022-ஐ ஒட்டிக் கங்கைவரை படை விடுத்தான்; கங்கைநீர் வந்தது, சோழகங்கம் எழுந்தது, படை மீண்டது. 1025-இல் கடாரத்தின்மேற் சென்ற கடற்படை சீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம் முதலியவற்றைத் தாக்கி மீண்டது. ஆண்டு மண்டலம் அமைக்கப்படவில்லை. ஊர்கட்குப் புதுப்பெயர் இல்லை. தஞ்சைக்கு இலுப்பைப்பால் இல்லை. வீரராசேந்திரன் கடாரத்தை வென்று, தன்னை அடைக்கலம் புகுந்த அரசனுக்கே அதனை மீட்டளித்தான் என்று அவன் கல்வெட்டு கூறும். திறைகொண்டு பெயர்தலுக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு காண்டல் அரிது. கடாரப் பகுதியில் பின்னர்த் தமிழர் இல்லாமல் போயினரா? சுமத்திராவின் பாரூசில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு உளது. அதனைப் பொறித்தோர் ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர். படை மீண்ட இடத்தில் வணிகர் இருந்தனர்.

தொலைவே காரணம், கடாரத்தில் தங்கியிருக்க இயலாது என்று மறுப்போர் உண்டு. மெய்தான். ஆயின் அண்மையில் இருந்தமையாலேயே ஈழத்தில் தங்குதல் எளிதாயிற்று எனின், எளிமை தகுதியாகாது.

குலோத்துங்கன் பாண்டிநாட்டை வென்றபின் வழிதோறும் நிலைப்படைகளை நிறுத்தினான். கோட்டாற்று நிலைப்படை அவற்றுள் ஒன்று. நிலைப்படை என்னும் சொல்லாட்சியை நோக்குக. பாசறையில் இருந்த படை நிலைத்த படையாயிற்று. இலக்கணத்தில் இல்லாத இச்சொல்லைக் கல்வெட்டு தந்தது. ஈழத்தை அவன் மீட்க முயன்று பெருமுயற்சி செய்திலன். பிற்காலத்தில் அவன் மகள் சுத்தமல்லியாழ்வார் ஈழத்தில் வாழ்ந்த பாண்டிய இளவரசன் வீரப்பெருமாளுக்குத் தேவியாக இருந்து, ஆண்டுள்ள சிவன்கோயிலுக்கு விளக்கு ஈந்தமையை ஈழத்துத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கூறும். படை போனபின் மகள் போனாள்.

அருத்தசாத்திரம் தன் பதின்மூன்றாம் நூலின் இறுதியில், வென்ற நாட்டைத் தணித்தற்குரிய வழிகளைக் கூறுகையில், வென்றவன் அந்நாட்டு மாந்தரின் ஒழுக்கமும் உடையும் மொழியும் நடையும் மேற்கொள்க என்கிறது. தங்குவதாயின் தங்குபவன் மாற வேண்டும் என்பது அதன் கருத்து. சோழ அரசு மாறவில்லை. ஊரின் பெயரை மாற்றியது. ஆயின் சோழ அரசு நீங்கியபின் ஈழத்தில் எஞ்சிய மறவர் மாறினர். அவர் வரலாறே இவ்வாராய்ச்சிக்கு முடிவு தருவது.

வேளைக்காரர்

வேளைக்காரர் என்போர் உயிர்கொடுத்தும் தலைவனைக் காக்கச் சூளுற்ற படையினர். இராசராசன், இராசேந்திரன் காலத்துப் படைப்பிரிவுகளுள் வேளைக்காரப் படைகள் பலவற்றின் பெயரைத் தஞ்சைக் கல்வெட்டுகள் கூறும். சோழர் நீங்கியபின் விசயபாகுவின் படையிலும் வேளைக்காரர் இருந்தனர். அவரெல்லாம் சோழப்படையின் வழியினர் அல்லர். வலங்கை, இடங்கை, வடுகர், மலையாளர் எனப் பல பிரிவினர் என்பது அவர்தம் கல்வெட்டாலேயே போதரும். தமிழே அவர்க்குப் பொதுமொழி.

விசயபாகு சளுக்கிய நாட்டிற்கு விடுத்த தூதரைச் சோழர் வழிமறித்து மூக்கும் செவியும் அரிந்து விடுத்தனர். வீரசலாமேகன் தாய்க்கு நேர்ந்தது நினைவுக்கு வருகிறது; ஒரு தலைமுறை கழிந்தும் அவ்வாள் உறையில் அடங்கவில்லை. சினந்த விசயபாகு தன் 30-ஆம் ஆட்சியாண்டில் சோழநாட்டின்மேற் படை ஏவினான். வேளைக்காரர் செல்ல மறுத்தனர். மறுத்ததோடு நில்லாமல் படைத்தலைவரைக் கொன்றனர், மன்னனின் தங்கையையும் அவள் மைந்தர் மூவரையும் பிடித்தனர், அரண்மனையை எரித்தனர். மன்னன் வாதகிரிக்கு ஓடி, மீண்டு வந்து கிளர்ச்சியை அடக்கி, தலைவரைக் கடுந்தண்டத்திற்கு உட்படுத்தினான். இந்நிகழ்ச்சியை நன்றிகேடு என்று ஒருசாராரும் இனப்பற்று என்று மற்றொருசாராரும் கூறுவர். இரண்டும் முழுமையல்ல. அயல்மண்ணில் வாழும் மறவனை அவன் முன்னோர் நாட்டின்மேல் ஏவினால் அவன் என்செய்வான் என்னும் இடர் அது. அவ்விடரை உண்டாக்கியது விசயபாகுவின் ஏவல் மட்டும் அன்று. தலைமுறைகட்கு முன் அம்மறவரை மீளவிடாமல் ஆண்டு நிறுத்திய அரசுகளுக்கும், ஊதியத்திற்கு அயல்மறவரை நம்பிய மகிந்தன் போன்ற மன்னர்க்கும் அதிற் பங்குண்டு. தொடங்கியவிடத்தும் முடிந்தவிடத்தும் நாம் காண்பது ஒரே காட்சி: அரண்மனையை வளைத்த அயல்நாட்டு மறவர்.

அவ்வரலாறு எரிந்த அரண்மனையோடு முடியவில்லை. விசயபாகு இறந்தபின் பொலன்னறுவையில் வேளைக்காரர் ஒரு தமிழ்க் கல்வெட்டுப் பொறித்தனர். விசயபாகு 55 ஆண்டு ஆண்டு, 73 ஆண்டு வாழ்ந்ததை அது கூறும். அவன் ஆணையால் படைத்தலைவன் ஒருவன் எடுப்பித்த புத்தர் தந்தக்கோயிலைக் காக்குமாறு தம்மை வேண்ட, தாம் மாதந்திரத்தார் யாவரும் கூடி, தம் மூதாதைகள் எனத் தாம் மதிக்கும் வளஞ்சியரையும் நகரத்தாரையும் அழைத்து வைத்து, அதனைத் தம் காவலாக ஏற்றுக்கொண்டனர் என்பது அதன் பொருள். அக்கோயிலின் ஊர்களையும், ஊழியரையும், அடைக்கலம் புகுந்தோரையும் தாம் கெட்டும் காப்பதாகச் சூளுரைத்தனர். இதிற் பிழைத்தவன் தம் குழுவிற்கே பிழைத்தவன் என்றும் பொறித்தனர்.

திருகோணமலைப் பக்கத்துப் பாலமோட்டைக் கல்வெட்டில் கந்தளாய்ச் சிவன்கோயிலுக்குப் பார்ப்பனப் பெண்ணொருத்தி அளித்த அறமும் வேளைக்காரர் காவலிலேயே வைக்கப்பட்டது. சிவன்கோயிலும் தந்தக்கோயிலும் ஒரு கையின் காவலில் இருந்தன. அரசன் பொருட்டு உயிர்விடும் சூளுறவைப் பகையாய் இருந்த நாட்டின் திருக்கோயிலுக்கு அவர் உரிமையாக்கினர். அதனைத் தம் மொழியிற் பொறித்தனர். அருத்தசாத்திரம் வேந்தனுக்கு விதித்ததை வேந்தன் செய்யாதொழிய, வேந்தனின்றி எஞ்சிய மறவர் செய்தனர்.

ஈண்டு ஒரு வேறுபாட்டைத் தெளிய உணர்தல் வேண்டும். இக்கல்வெட்டைக் காட்டி, படை தங்கியது நன்மையாய் முடிந்தது என வாதிடுவோர் உளர். தந்தக்கோயிலைக் காத்தோர் தங்கிய படையினர் அல்லர். சோழவேந்தன் ஆணை அவர்மேல் இல்லை. தஞ்சைக்கு இறை இறுக்கும் பொறுப்பும் இல்லை. பின்னிருந்து ஏவும் மண்டலம் இல்லை. 1070-இல் சோழக்கொடி இறங்கிய பின்னரே அவர் அந்நாட்டின் குடிகளாதல் கூடிற்று. அது நிகழ்ந்ததற்குப் பொலன்னறுவைக் கல் தமிழ் எழுத்தில் இன்றும் சான்றாக நிற்கிறது. நம் கல்வெட்டுப் பாடத்திட்டங்களில் இராசாதிராசன் மெய்க்கீர்த்தியோடு அதனையும் சேர்த்துப் பயிற்றல் வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் பயிற்றுதல் இன்னும் நன்று.